மண் ஏறிய மேகம்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் சஹாரா புழுதிப் புயல் பற்றிய குறிப்பில், "இந்தத் தூசி உயரத்து மேகங்களையும் உருவாக்குகிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தோம். விளக்கம் கேட்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பதில்களை இங்கே தருகிறோம்.

பாலைவன மணல் பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு எப்படிப் போகும்? கனம் இழுத்துக் கீழே போட்டுவிடாதா?
(வாசகர், திருநெல்வேலி)

மணல் போகாது. மணல் தரையோடு குதித்துக் குதித்து ஓடும். அப்படி விழும்போது மண்கட்டியை அடித்து உடைத்து, உள்ளே இருக்கும் பொடியை எழுப்பிவிடும். மேலே போவது அந்தப் பொடிதான்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும். 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள துகள் அசையாத காற்றில் விநாடிக்கு 3.2 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும். ஒரு நாளில் கிட்டத்தட்ட 2.8 கி.மீ. அதையே 2 மைக்ரானாகக் குறைத்தால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். ஒரு நாளைக்கு 28 மீட்டர்தான். விட்டம் பத்தில் ஒன்றானால் விழும் வேகம் நூறில் ஒன்று. பொடித் துகள்கள் வாரக்கணக்கில் மிதப்பது இதனால்தான்.

தூக்கிவிடுவதற்கு மூன்று வழிகள். கோடைப் பகலில் சஹாராவின் தரை கொதிக்கும்போது, தரையை ஒட்டிய கலங்கல் அடுக்கே 5, 6 கி.மீ. வரை உயர்ந்துவிடும். இடிமேகங்கள் இன்னும் மேலே இழுக்கும். மூன்றாவது, மித வெப்ப மண்டலத்துப் புயல்களின் முன்பக்கத்தில் சாய்வாக மேலேறும் வெதுவெதுப்பான காற்றோட்டம். ஐரோப்பாவின் உயர மேகங்களுக்குச் சஹாரா தூசியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். 2007 மே மாதம் சீனாவின் தக்லமக்கான் பாலைவனத்தில் கிளம்பிய தூசி 8 முதல் 10 கி.மீ. உயரத்துக்கு ஏறி, சுமார் 13 நாளில் உலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்ததைச் செயற்கைக்கோளின் லேசர் கருவி பின்தொடர்ந்து பதிவு செய்திருக்கிறது.

தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் தானே உறைந்துவிடும். மைனஸ் 40 டிகிரி குளிரில் தூசியின் உதவி எதற்கு?
(கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பூஜ்யம் டிகிரி என்பது பனிக்கட்டி உருகும் வெப்பநிலை. தண்ணீர் அங்கே கட்டாயம் உறைந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உறைவதற்கு முதலில் ஒரு சின்னப் பனிக்கரு உருவாக வேண்டும். உங்கள் வீட்டு ஐஸ் தட்டில் அந்த வேலையைத் தண்ணீரில் கிடக்கும் அழுக்கும் தட்டின் சுவரும் செய்துவிடுகின்றன. மேகத்தில் மிதக்கும் 10, 20 மைக்ரான் சுத்தமான துளிக்கு அப்படி எதுவும் கிடையாது. அது மைனஸ் 35-ஐயும் தாண்டித் திரவமாகவே இருக்கும். மைனஸ் 38-ஐ ஒட்டித்தான் மூலக்கூறுகள் தற்செயலாக ஒழுங்காக அடுக்கிக்கொண்டு தானாக உறையும்.

நாம் பேசும் உயரத்து மேகம் கீற்று மேகம், அதாவது பனிப்படிகங்களால் ஆன மெல்லிய மேகம். அது உருவாவது அதற்கும் மேலே, இன்னும் குளிர்ந்த இடத்தில். அங்கே தனித் தண்ணீர்த் துளி அனேகமாக இருக்காது. சல்ஃபேட் போன்ற உப்புகள் கரைந்த, மைக்ரானிலும் சிறிய கரைசல் துளிகள்தான் இருக்கும். உப்பு கரைந்திருப்பதால் அவை இன்னும் பிடிவாதம் பிடிக்கும். பனிக்கட்டியை அடிப்படையாக வைத்து அளந்தால், காற்றின் ஈரப்பதம் 140 முதல் 165 சதவீதத்தைத் தொட்டால்தான் அவை உறையும். குளிர் கூடக்கூட இந்த எல்லையும் கூடும். நூறைத் தாண்டிய ஈரப்பதமா என்று கேட்பீர்கள். மைனஸ் 40 டிகிரியில் தண்ணீரின் மேல் தெவிட்டும் ஆவி அழுத்தம் (ஈரப்பதம் நூறு ஆகும்போது நீராவி தரும் அழுத்தம்) 0.189 ஹெக்டோபாஸ்கல், பனிக்கட்டியின் மேல் 0.128 தான். தண்ணீருக்கு "நூறு" என்பது பனிக்கட்டிக்கு 147 ஆகிவிடுகிறது.

தூசி இருந்தால் இவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டியதில்லை. 110 முதல் 130 சதவீதத்திலேயே பனி பிடித்துவிடும். நீராவி நேரே தூசியின் மேல் பனியாகப் படிகிறது என்றுதான் பழைய பாடப்புத்தகங்கள் எழுதின. தூசியின் மேற்பரப்பில் இருக்கும் சில நானோமீட்டர் அகல இடுக்குகளில் முதலில் தண்ணீர் திரண்டு, அது உறைந்து, பிறகு வெளியே பனியாக வளர்கிறது என்பது இப்போது வலுவாக நிற்கும் விளக்கம். எங்களுக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. குறுகிய இடுக்கில் நீராவி சீக்கிரம் திரளும் என்பது வேறு பல இடங்களிலும் சோதித்துப் பார்த்த விஷயம்.

அப்படியானால் தூசி கூடினால் மேகமும் கூடும், மழையும் கூடும் என்று வைத்துக்கொள்ளலாமா?
(வாசகர், ஓசூர், இதே கேள்வி கோவில்பட்டி, காரைக்குடியிலிருந்தும்)

கூடாது. இந்த விஷயத்தில் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். உயரத்து மேகங்களில் தூசி பல நேரம் பனிப்படிகங்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது.

மைனஸ் 50 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் காற்றை எடுத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல மேலேறுகிறது. அந்த வேகத்தில் மணிக்குச் சுமார் 1.8 டிகிரி குளிரும். ஈரப்பதமும் மெல்ல ஏறும். தூசியே இல்லையென்றால் ஈரப்பதம் 150 சதவீதத்தைத் தொடும்போது கரைசல் துளிகள் கூட்டமாக உறையும். லிட்டருக்கு நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னப் படிகங்கள் கிடைக்கும். அவை மெல்லத்தான் விழும். மேகம் நெடுநேரம் நிற்கும்.

இப்போது அதே காற்றில் வேலை செய்யக்கூடிய தூசித் துகள் 20 இருக்கின்றன என்று வையுங்கள். 120, 125 சதவீதத்திலேயே அந்த இருபதும் பனி பிடித்து, சுற்றியுள்ள நீராவியைக் குடிக்க ஆரம்பித்துவிடும். காற்று மெல்ல ஏறுவதால் அவற்றுக்கு நேரமும் கிடைக்கிறது. ஈரப்பதம் 150-ஐத் தொடவே தொடாது. கரைசல் துளிகள் உறைவதற்கான வாய்ப்பே போய்விடும். நூற்றுக்கணக்கான படிகங்கள் வரவேண்டிய இடத்தில் இருபதுதான். ஆனால் முழுப் பந்தியும் அந்த இருபதுக்கே என்பதால் 100, 200 மைக்ரான் வரை கொழுத்து, விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கீழே இறங்கும். மேகம் மெலிந்துபோகும். வானத்தில் குதிரை வால் மாதிரி நீண்டு தொங்கும் கீற்றுகள் இப்படி இறங்கும் படிகங்கள்தான். அவை தரைக்கு வராது; கீழே உள்ள வறண்ட காற்றில் ஆவியாகிவிடும். ஆகவே மழைப் பேச்சுக்கே இடமில்லை.

காற்று விநாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறினால் கதை மாறிவிடும். குளிர்வது மணிக்கு 17, 18 டிகிரி. இருபது துகள்கள் எவ்வளவு வேகமாகக் குடித்தாலும் ஈட முடியாது. ஈரப்பதம் 150-ஐத் தாண்டி, கரைசல் துளிகள் ஆயிரக்கணக்கில் உறைந்துவிடும். தூசி இருந்ததா இல்லையா என்பதே தெரியாது. மலைத்தொடர்களுக்கு மேல் எழும் அலைகளில் இது சகஜம். ஆக, "தூசி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் பதில் பாதிதான் கிடைக்கும். காற்று எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னது மைனஸ் 38-க்குக் கீழே உள்ள மேகங்களுக்கு. அதற்கும் பூஜ்யத்துக்கும் இடைப்பட்ட நடுத்தர உயர மேகங்களில் தூசி தலைகீழாக வேலை செய்யும். திரவமாகவே இருந்திருக்கும் மேகத்தைப் பனி மேகமாக்கிவிடும். 2002 ஜூலையில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குச் சஹாரா தூசி வந்தபோது, மைனஸ் 5 முதல் மைனஸ் 9 டிகிரிக்குள் இருந்த மேகங்களே பனியானதைப் பார்த்தார்கள். வெறும் கனிமத் தூசி பொதுவாக மைனஸ் 15-க்குக் கீழேதான் சுறுசுறுப்பாகும். மண்ணோடு ஒட்டிவந்த உயிர்ப்பொருள் உதவியிருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது.

எல்லா மண்ணும் ஒன்றுதானா?
(வாசகி, நாகர்கோவில்)

இல்லை. பாலைவனத் தூசியில் அதிகம் இருப்பவை களிமண் கனிமங்களும் குவார்ட்சும். ஆனால் பனி பிடிக்க வைப்பதில் கெட்டிக்காரன் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார். பீங்கான் தொழிலில் பயன்படுத்துகிறார்களே, அதே கல்தான். 2013-ல் பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டும் வரை எல்லோரும் களிமண் கனிமங்களையே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வழியில் தொழிற்சாலைப் புகையின் அமிலம் பூசிக்கொண்டால் தூசியின் திறன் குறையும். வேடிக்கை என்னவென்றால், நீர்த்த அம்மோனியக் கரைசலில் ஃபெல்ட்ஸ்பாரின் திறன் கூடுகிறது.

பத்து கி.மீ. உயரத்தில் ஒரு பனிப்படிகத்துக்குள் தூசி இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
(பள்ளி ஆசிரியர், விழுப்புரம்)

விமானத்தில் ஒரு குழாய் முனையை நீட்டி வைப்பார்கள். அதன் வாயிலிருந்து உலர்ந்த காற்று வெளிப்பக்கமாக ஊதிக்கொண்டே இருக்கும். இலேசான துகள்களை அந்தக் காற்று தள்ளிவிடும். கனமான பனிப்படிகங்கள் மட்டும் வந்த வேகத்தில் எதிர்க்காற்றைத் துளைத்து உள்ளே போகும். உள்ளே கதகதப்பில் பனி ஆவியாகி, நடுவிலிருந்த துகள் மட்டும் மிஞ்சும். அதை லேசரால் சுட்டு உடைத்து, என்னென்ன தனிமங்கள் என்று பார்ப்பார்கள்.

இதில் ஒரு தொல்லை உண்டு. விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வரும் படிகம் முனையில் மோதிச் சிதறும். ஒன்று பலவாகும், முனையின் எஃகையும் சுரண்டிக்கொண்டு உள்ளே போகும். எஃகுத் துணுக்கை "வானத்து உலோகம்" என்று எண்ணி ஏமாறாமல் இருக்க, இரும்பும் குரோமியமும் சேர்ந்து தெரியும் துகள்களைத் தனியாகப் பிரித்து ஒதுக்க வேண்டும்.

இந்த முறையில் 2002 முதல் 2011 வரை வட, மத்திய அமெரிக்கப் பகுதிகளில் எடுத்த அளவுகளில், கீற்று மேகப் படிகங்களின் எச்சத்தில் ஏறத்தாழ 61 சதவீதம் கனிமத் தூசியும் உலோகத் துகள்களும். பிறகு 2016 முதல் 2018 வரை நாசாவின் டிசி-8 விமானம் பசிபிக், அட்லாண்டிக் பெருங்கடல்கள் மேல் தெற்கும் வடக்குமாகப் பறந்து தூசியை அளந்தது. அதில் தெரியவந்தது, சஹாரா உலகின் மிகப் பெரிய தூசிக் களஞ்சியம் என்றாலும், கீற்று மேகங்களைப் பொறுத்தவரை மத்திய ஆசியப் பாலைவனங்களின் பங்கு அவற்றின் அளவுக்கு மீறியது.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்க முடியுமா? பெரிய கருவிகள் இல்லை.
(இயற்பியல் துறை மாணவர்கள், கோவை)

தாராளமாக. துளி உறைதல் சோதனைக்குப் பெரிய செலவில்லை.

வேண்டியவை: இரண்டடுக்கு பெல்டியர் தட்டு (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தட்டு), அதன் சூடான பக்கத்துக்கு ஐஸ் தண்ணீர் ஓட்டம், வெப்பநிலை அளக்க ஒரு தெர்மோகப்பிள், 1 மைக்ரோலிட்டர் எடுக்கும் பிப்பெட், கைபேசி கேமரா. பீங்கான் மூலப்பொருள் கடையில் "பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார்" பொடி கிடைக்கும்.

100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 0.1 கிராம் பொடியைக் கலந்து நன்றாகக் குலுக்குங்கள். மெல்லிய அலுமினியத் தகட்டில் பெட்ரோலியம் ஜெல்லியை மிக இலேசாகத் தடவி, அதன்மேல் 1 மைக்ரோலிட்டர் துளிகளாக 50 வையுங்கள். நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்வித்து வீடியோ எடுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் துளி சட்டென்று பால் நிறமாகும் கணம்தான் உறைந்த கணம். இதே சோதனையைப் பொடி கலக்காத நீரிலும் தனியாகச் செய்தே ஆக வேண்டும்.

நல்ல பொடியாக இருந்தால் மைனஸ் 10-க்கும் 14-க்கும் இடையிலேயே பாதித் துளிகள் உறைந்துவிடும். வெறும் நீர் மைனஸ் 20-ஐத் தாண்டியும் போகும். முன்பு சொன்ன மைனஸ் 38 உங்களுக்குக் கிடைக்காது. 1 மைக்ரோலிட்டர் துளி மேகத்துளியைவிட லட்சம் மடங்குக்கும் மேல் பெரியது. அதில் ஏதாவது ஓர் அழுக்கு இருந்தே தீரும்.

கணக்கு: ஒரு வெப்பநிலையில் உறையாமல் நிற்கும் துளிகளின் பங்கை எடுத்து, கால்குலேட்டரில் "எல்என்" பொத்தானை அழுத்தி, குறியை மாற்றி, துளியின் கன அளவால் வகுத்துவிடுங்கள். 50-ல் 25 உறையாமல் நின்றால் பங்கு 0.5, விடை மைக்ரோலிட்டருக்கு 0.69, லிட்டருக்கு சுமார் 6,90,000 உறைகருக்கள், அதாவது உறைதலைத் தொடங்கிவைக்கும் துகள்கள். உறைந்த துளிகளை நேரே எண்ணி வகுத்தால் குறைவாக வரும். ஒரே துளிக்குள் இரண்டு, மூன்று கருக்கள் இருந்தாலும் அது ஒருமுறைதானே உறையும்? அதைச் சரிக்கட்டத்தான் இந்த மடக்கை.

கெடுவது எங்கே? பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, பொடி அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு சில துளிக்கும் ஒருமுறை குலுக்காவிட்டால் கடைசித் துளிகளில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். இரண்டு, கோவைக் காற்றின் ஈரம் தகட்டில் உறைபனியாகப் படர்ந்து, ஒரு துளியின் பனி அடுத்த துளியைத் தொட்டு உறைய வைத்துவிடும். பக்கத்துப் பக்கத்துத் துளிகள் வரிசையாக உறைந்தால் இதுதான் காரணம். மேலே கண்ணாடி மூடியும் உள்ளே சிலிக்கா ஜெல்லும் வையுங்கள். உலர் நைட்ரஜன் கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்று, தெர்மோகப்பிளை ஐஸ் தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்க்காமல் தொடங்குவது.

பெல்டியர் இல்லையென்றால் மூன்று பங்கு தூளாக்கிய ஐஸில் ஒரு பங்கு உப்பு. அதிகபட்சம் மைனஸ் 21 வரைதான் போகும். ஃபெல்ட்ஸ்பாருக்கும் வெறும் நீருக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அது போதும்.

ஜெர்மனியில் சஹாரா தூசி வந்தால் சூரிய மின்சாரக் கணிப்பு தவறிவிடுகிறது என்று படித்தேன். பேனலில் தூசி படிவதாலா?
(சோலார் நிலையப் பொறியாளர், கமுதி)

உங்கள் ஊரில் பேனல் மேல் படிவதுதான் முதல் எதிரி. அங்கே கணிப்பைக் கெடுப்பது வானத்தில். தூசியே வெயிலைக் கொஞ்சம் மறைக்கும். அதைக் கணக்கில் சேர்ப்பது சுலபம். பெரிய பிழை, கணினி தெளிந்த வானம் என்று சொன்ன நாளில் திரண்டு நிற்கும் தூசிக் கீற்று மேகத்தால் வருகிறது. 2014 ஏப்ரல் 4 இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம்.

தூசி அடுக்கு ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு மேலே போகிறது. அடுக்கின் உச்சி வெப்பத்தை விண்வெளிக்கு வீசிக் குளிர்கிறது. மேலே குளிரும் கீழே கதகதப்பும் என்றால் காற்று புரளாமல் இருக்குமா? சின்னச் சின்னக் குமிழ்களாகப் புரண்டு, உச்சியில் பனி மேகம் கட்டுகிறது; தூசி இருப்பதால் உறைவதும் சுலபம். வழக்கமான கணினிக் கணிப்பு மாதிரிகள் தூசிக்குப் பல ஆண்டுச் சராசரி போன்ற ஒரு நிலையான அளவை வைத்துக்கொள்வதால் இதைப் பிடிக்க முடியவில்லை. அன்றன்றைய தூசியையும் சேர்த்துக் கணிக்கும் மாதிரியை வைத்துத்தான் ஜெர்மன் வானிலைத் துறை இதைச் சரிசெய்ய முனைந்தது. அப்போதும் தூசியைச் சேர்த்தால் மட்டும் போதவில்லை. கணக்குக்காக மாதிரி வானத்தைப் பிரித்துக்கொள்ளும் கட்டங்களைவிட அந்தக் குமிழ்கள் சிறியவை. அவற்றுக்கென்று தனிச் சூத்திரம் எழுத வேண்டியிருந்தது.

செயற்கைக்கோள் படத்தில் தூசியையும் கீற்று மேகத்தையும் எப்படிப் பிரித்தறிவது?
(வாசகர், மதுரை)

ஐரோப்பாவின் வானிலைச் செயற்கைக்கோளான மெட்டியோசாட்டின் "டஸ்ட்" வண்ணப் படத்தைப் பாருங்கள். தூசி பளீர் ரோஜா நிறத்தில் தெரியும். தடித்த உயர மேகம் கருஞ்சிவப்பு. மெல்லிய கீற்று கறுப்பு. 11, 12 மைக்ரான் அகச்சிவப்புக் கதிர்களில் தூசியும் பனியும் எதிரெதிராக நடந்துகொள்வதால் வரும் வித்தியாசம் இது. சிக்கலும் அங்கேயே இருக்கிறது. மேகத்துக்குள் தூசி கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நிறம் மங்கிவிடும். நமக்கு வேண்டிய இடத்தில்தான் படம் கைவிடும்! அங்கே லேசர் கருவிதான் துணை.

"எட்ட வட்டம் கிட்ட மழை" என்பார்களே, அந்த நிலா வட்டமும் தூசியால் வருவதா?
(வாசகி, தேனி)

வட்டம் பனிப்படிகத்தால் வருவது. கையை நீட்டி விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாவில் வைத்தால் சுண்டுவிரல் நுனி தொடும் இடத்தில் அந்தப் பெரிய வட்டம் இருக்கும், 22 டிகிரி. கீற்றுப்படை மேகத்தின் அறுகோணப் படிகங்கள் ஒளியை வளைப்பதால் தோன்றுவது. நிலாவை ஒட்டிய சின்ன வண்ண வட்டம் பெரும்பாலும் தண்ணீர்த் துளிகளால் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கும்போது அதன் உச்சியிலிருந்து பனி மேகம் முன்னே பரவுமல்லவா, அப்போது பழமொழி பலிக்கும். சித்திரையில் நேற்றைய இடிமேகத்தின் மிச்சமும் இதே வட்டத்தைக் கட்டும். அதை நம்பிக் காயும் நெல்லை அவசரமாக வாரிவிட வேண்டாம். படிகத்துக்குள் தூசி இருந்ததா என்று வட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தூசி கீற்று மேகத்தை மெலிய வைக்கும் என்றால், நாமே தூவிப் பூமியைக் குளிர்விக்கலாமே?
(வாசகர், சேலம்)

யோசித்திருக்கிறார்கள். மெல்லிய கீற்று மேகம் வெயிலை உள்ளே விட்டு, தரையின் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அதை மெலிய வைத்தால் குளிரும் என்று 2009-ல் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது; தூவுவதற்குச் சொன்ன பொருள் பிஸ்மத் அயோடைடு. மேலே சொன்ன ஒரு லிட்டர் காற்றை வைத்தே இதன் ஆபத்தைப் பார்க்கலாம். லிட்டருக்கு 20 துகள் என்றால் மேகம் மெலியும். அளவு தப்பி 500 விழுந்தால் 500 சின்னப் படிகங்கள் உருவாகி, மேகம் முன்பைவிடத் தடித்து வெப்பத்தைக் கூட்டும். தெளிந்த வானத்தில் விழுந்தால் இல்லாத மேகத்தையே கட்டிவிடும். அந்த இடத்தில் ஏற்கனவே எவ்வளவு பாலைவனத் தூசி இருக்கிறது என்று தெரியாமல், இன்னும் எவ்வளவு தூவலாம் என்று யாரும் அளவு சொல்ல முடியாது.